22 சதவீத சார்ஜும் நாற்பத்தைந்து நாள் குழந்தையும்: ஆம்பூரிலிருந்து கலவை வரை

தங்கை சுமதிக்குக் குழந்தை பிறந்து நாற்பத்தைந்து நாள் ஆனதும் அவளையும் பாப்பாவையும் ஆம்பூரிலிருந்து கலவையில் இருக்கும் எங்கள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். இந்த மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு புதன்கிழமை. மொத்தமே நூறு கிலோமீட்டர்தான். சாதாரணமாக இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். எனக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை ஆனது. போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம். மின்சாரக் காரில் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டியைப் பற்றி. போன வருடம் வாங்கிய பழைய மின்சாரக் கார். நான் அதற்கு இரண்டாவது சொந்தக்காரி. புதிதாக இருந்தபோது ஒரு முழு சார்ஜில் 300 கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்களாம். என் கையில் அது 170-ஐத் தாண்டியதே இல்லை. பேட்டரி கிழடாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். 170-ஐ வைத்துக் கணக்குப் போட்டு, அதற்கேற்ப சார்ஜ் செய்து ஓட்டிப் பழகிவிட்டேன். ஏன் 170 தான் வருகிறது என்று மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

சுமதி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். பாப்பா எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். "வெயில் மட்டும் படாம பாத்துக்கோங்க, உடம்பு சூடாகக் கூடாது" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினாராம். பஸ், ரயில் எல்லாம் வேண்டாம், ஏசி காரில் நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று சொன்னது நான்தான். பள்ளிக்கும் விடுமுறை.

அம்பத்தூர் வீட்டிலிருந்து காலை 5:30-க்குக் கிளம்பினேன், 100 சதவீதத்தோடு. வெயிலுக்கு முன்னால் ஆம்பூரைப் பிடித்துவிட வேண்டும் என்று 95, 100 என்று விரட்டினேன். 100 கிலோமீட்டர் தாண்டி வாலாஜாபேட்டை வரும்போது மணி 7:10, சார்ஜ் 42. நெடுஞ்சாலை ஓரத்தில் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டுவிட்டு இட்லி, காபி. யூனிட் 22 ரூபாய். 68 சதவீதம் ஆனதும் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆம்பூர் 76 கிலோமீட்டர்தான். அங்கே நெடுஞ்சாலையிலேயே ஒரு ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கிறது, செயலியில் 'தயார்' என்று பச்சை விளக்கு காட்டியது. தங்கை பெட்டி கட்டுவதற்குள் நிரப்பிவிடலாம் என்பது திட்டம்.

ஆம்பூரை நெருங்கும்போது 22 சதவீதம். மணி 9:05. சார்ஜர் முன்னால் போய் நிறுத்தினால், திரை கறுப்பாக இருக்கிறது. காவலுக்கு இருந்தவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"கரண்ட் கட்டு மேடம். இன்னிக்கி மெயின்டனென்ஸ். சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான் வரும்."

அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் வந்திருந்தாலும் இதே கதைதான். மாதம் ஒரு நாள் எல்லா ஊரிலும் நடக்கும் பராமரிப்பு மின்தடை. செய்தித்தாளிலும் முன்கூட்டியே போட்டிருந்தார்கள். சென்னையில் இருந்துகொண்டு ஆம்பூர் மின்தடையை யார் பார்க்கிறார்கள்? பார்த்திருக்க வேண்டும்.

சுமதி வீட்டுக்குப் போனேன். மாடி வீடு. மொட்டைத் தளம் நேராக வெயில் வாங்கும். ஒன்பதரைக்கே அறைக்குள் அனல். மின்விசிறி நின்று அரை மணி ஆகியிருந்தது. சுமதி ஒரு கையால் பாப்பாவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் காலண்டர் அட்டையை விசிறிக்கொண்டிருந்தாள். பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. காய்ச்சல் இல்லை, அறையின் சூடு.

"சார்ஜ் இருக்கா அக்கா?" என்றாள்.

"22 இருக்கு."

"அது போதுமா?"

போதாது. நான் ஓட்டும் விதத்தில் அது 37 கிலோமீட்டர். ஆம்பூருக்கு அடுத்தபடி வேலை செய்யும் ஃபாஸ்ட் சார்ஜர் வேலூருக்குச் சற்று முன்னால், 48 கிலோமீட்டரில் இருந்தது. நடுவில் ஒன்று செயலியில் தெரிந்தது. கூப்பிட்டுக் கேட்டேன், இன்னும் திறக்கவில்லையாம். வாடகைக் கார் கேட்டு நாலு பேருக்குப் போன் செய்தோம். வைகாசி முகூர்த்த நாள். "கல்யாண டிரிப்பு மேடம், சாயந்தரம் ஆறு மணிக்கு மேலதான்" என்று எல்லோரும் ஒரே பதில். காரிலேயே ஏசி போட்டு உட்காரலாம் என்றால் இருக்கிற 22-ம் போய்விடும். நான்தான் கூட்டிப் போகிறேன் என்று பெரிய பேச்சு பேசினேன். இப்போது அந்தச் சின்ன உயிரின் முன்னால் நின்றுகொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சுமதிதான் சொன்னாள். "ரெஹானாவைக் கேக்கலாம். கரண்ட் வண்டி ஓட்டற ஆளு."

ரெஹானா, சுமதியின் கம்பெனிக்கு லோடு ஓட்டுபவர். வெட்டிய தோலைத் தையல் யூனிட்டுகளுக்குக் கொண்டு போவதும், தைத்த ஷூ மேல்பாகங்களைத் திருப்பிக் கொண்டு வருவதும் வேலை. மூன்று சக்கர மின்சார லோடு ஆட்டோ. முப்பது வயதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கும். போன் செய்த பத்தாவது நிமிஷம் வாசலில் வந்து நின்றார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு. ஊருக்குள் இருக்கும் யூனிட்டுகளுக்கும் மின்தடை. வெளியூர் யூனிட்டுகளுக்கான லோடு மதியத்துக்கு மேல்தான் என்பதால் அதுவரை அவருக்கு வேலை இல்லை.

மேலே வந்து பாப்பாவைப் பார்த்தார். உடனே கீழே இறங்கினார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"இன்னாக்கா இது, வண்டி மேல அலமாரி கட்டி வெச்சிருக்கீங்க?"

கூரை மேல் இருக்கும் கேரியரைச் சொன்னார். பழைய சொந்தக்காரர் போட்டது. அதில் தொட்டில் ஸ்டாண்டைக் கட்டி எடுத்துப் போவதாக இருந்தோம். "காத்து பிடிக்கும்க்கா. என் வண்டியில தார்ப்பாய் லூசா இருந்து படபடன்னு அடிச்சாலே சார்ஜு ரெண்டு கோடு சீக்கிரம் குறையும்" என்றார். பிறகு டயரை ஒரு உதை உதைத்தார். "காத்தும் கம்மி." கடைசியாக, "எவ்ளோ ஸ்பீடுல வந்தீங்க?" நான் சொன்னதும் தலையில் கை வைத்தார். "நூறா? ஏன்க்கா, யார் துரத்தினாங்க?"

பேரணாம்பட்டு சாலையில் நாலு கிலோமீட்டர் தள்ளி அவரும் வேறு மூன்று பேரும் ஆட்டோக்களைச் சார்ஜ் செய்யும் ஷெட் ஒன்று இருந்தது. அது வேறு லைன், அங்கே மின்சாரம் இருந்தது. ஃபாஸ்ட் சார்ஜர் எல்லாம் இல்லை, வீட்டு ஏசிக்குப் போடுவது மாதிரி 15 ஆம்பியர் பிளக்தான். நல்லவேளை, காரோடு வந்த கேபிளை டிக்கியிலேயே வைத்திருந்தேன். சுமதியையும் பாப்பாவையும் ஏற்றிக்கொண்டு போய் 10:15-க்குச் சொருகினோம், 20 சதவீதத்தில்.

சார்ஜ் ஏறும்போதே ஏசியைப் போடச் சொன்னார் ரெஹானா. எனக்குப் பயம். "ஏறுறது கம்மியாவுமே?" என்றேன்.

"கம்மியாத்தான் ஏறும். ஆனா வண்டியை ஜில்லுனு ஆக்குற வேலைக்கு இந்த கரண்ட்டு போவட்டும், உங்க பேட்டரி எதுக்கு?"

யோசித்தால் அவ்வளவு சரி. வெயிலில் நின்று கொதித்துப்போன காரைக் குளிரவைக்கத்தான் ஏசி அதிகம் இழுக்கிறது. குளிர்ந்த பிறகு அதை அப்படியே வைத்திருக்கக் கொஞ்சம் போதும். சுமதி பின் சீட்டில் பாப்பாவோடு உட்கார்ந்தாள். கால் மணியில் பாப்பா தூங்கிவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

அதற்குள் ரெஹானா ஷெட்டிலிருந்து ஸ்பேனர் கொண்டு வந்து கேரியரைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து கழற்றினோம். டயரில் காற்று பார்த்தால், 33 இருக்க வேண்டிய இடத்தில் 25, 26. நாலிலும் சரியாக ஏற்றினோம். டிக்கியில் நான் சென்னையிலிருந்து சும்மா சுமந்து வந்த பொருட்களைப் பட்டியல் போட்டால் வெட்கமாக இருக்கிறது. பழைய பேப்பர் கட்டு, ஒரு மூட்டை தேங்காய், பள்ளி ஆண்டு விழாவின் பேனர் கம்பிகள். எல்லாம் ஷெட்டில் இறங்கின, தொட்டில் ஸ்டாண்டோடு. தேங்காயை ஆட்டோக்காரர்களே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

11:45-க்கு மற்ற ஆட்டோக்கள் சார்ஜுக்கு வந்துவிட்டன. அவர்களுக்கும் மதிய லோடு இருக்கிறது. நான் சொருகிக்கொண்டே நின்றால் அவர்கள் பிழைப்பு கெடும். திரையில் 30 சதவீதம். வேலூர் சார்ஜருக்கு 52 கிலோமீட்டர். என் வழக்கமான கணக்கில் 30 சதவீதத்துக்கு 51. கணக்கு டீச்சர் மனசு ஒரு கிலோமீட்டர் குறைகிறதே என்று அடித்துக்கொண்டது.

"அறுபதுக்கு மேல போவாதீங்க. போய்டலாம்" என்றார் ரெஹானா. என் முகத்தைப் பார்த்தார். பிறகு முன் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். "நானும் வர்றேன். லோடு ரெண்டு மணிக்கு மேலதான். வேலூர்ல இறங்கி பஸ் பிடிச்சி வந்துடுவேன். நீங்க தனியா போனா நூறுல போவீங்க."

11:50-க்குக் கிளம்பினோம்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் இடது ஓர லேனில் 55. லாரிகள்கூட எங்களைத் தாண்டிப் போயின. ஒவ்வொன்று தாண்டும்போதும் எனக்குக் கால் அரித்தது. பெரிய கன்டெய்னர் லாரி ஒன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றுத் தடை குறையும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்து, மெல்ல நெருங்கினேன். "வேணாம்க்கா. அவன் பிரேக் அடிச்சா பின்னாடி பாப்பா இருக்கு" என்றார் ரெஹானா. உடனே விலகினேன். நீங்களும் அதை முயற்சி செய்யாதீர்கள். மிச்சமாகும் மின்சாரத்துக்கு அது தகுந்த ஆபத்து இல்லை.

அவர் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் காலைப் பற்றித்தான். தூரத்தில் பேருந்து நிற்பது தெரிந்தால் உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு. மின்சார வண்டி அப்படித் தானாக வேகம் குறையும்போது கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். கடைசி நிமிஷம் வரை போய் பிரேக்கை மிதித்தால் அதில் பாதி வீண். இதை நான் கார் கையேட்டில் படித்திருக்கிறேன். காலுக்குத்தான் அது தெரியாது. மாதனூர் வருவதற்குள் கொஞ்சம் பிடிபட்டது. அங்கே 23 சதவீதம் இருந்தது. வழக்கமாக ஓட்டியிருந்தால் 21-க்குக் கீழே போயிருக்கும்.

"நல்லா வருதே!" என்றேன், நம்ப முடியாமல்.

"வராம? பாலாறு எந்தப் பக்கம் ஓடுது?"

"வேலூர் பக்கம்."

"அப்போ ரோடும் அந்தப் பக்கம் இறக்கம்தானே? நீங்க காலைல வந்தது ஏத்தம். கண்ணுக்குத் தெரியாது. லோடு ஏத்திக்கிட்டு போனா தெரியும்."

எத்தனை முறை இந்தச் சாலையில் போயிருக்கிறேன். எனக்கு அது தட்டையான சாலை. அன்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஆம்பூர் வேலூரைவிட ஏறக்குறைய நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

பள்ளிகொண்டாவுக்கு முன்னால் மேம்பால வேலை. வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. 18 சதவீதம், மணி 12:25, வெளியே தார் உருகும் வெயில். நான் திரையையும் முன்னால் நின்ற லாரியையும் மாறி மாறிப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லக்கா. பெட்ரோல் வண்டிதான் நின்னாலும் குடிக்கும். இது நின்னா மோட்டாருக்கு ஒண்ணும் வேணாம், ஏசிக்கு மட்டும்தான்" என்றார் ரெஹானா. அவர் சொன்னது சரி. ஆனால் 25 நிமிஷம் நின்றதில் இரண்டு சதவீதம் போயிற்று. வண்டி நகரும்போது 16. இன்னும் 27 கிலோமீட்டர்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாமல் ஏசியை நிறுத்தினேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணாடி வழியாக அனல் இறங்கியது. பாப்பா முதலில் முனகினாள், பிறகு அழ ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் கத்தி அழத் தெம்பு இல்லை. பூனைக்குட்டி மாதிரி மெல்லிய குரல். அதைக் கேட்பது இன்னும் கஷ்டம். பின்னால் சுமதி துண்டால் விசிறும் சத்தம் கேட்டது. "பரவால்லக்கா, நான் விசிறிக்கிறேன். நீ ஓட்டு" என்றாள். அவளுக்கு நான் நிறுத்தியது தெரிந்திருக்கிறது.

ரெஹானா காற்று வரும் துளையில் கை வைத்துப் பார்த்தார். "ஏசி நின்னுடுச்சா?"

"நான்தான் நிறுத்தினேன். சார்ஜ் பத்தாது."

அவர் திட்டவில்லை. திரையைக் காட்டி, "இதுல ஏசி எவ்ளோ சாப்பிடுதுன்னு காட்டுமா? என் வண்டியில ஏசி கிடையாது, எனக்குத் தெரியாது" என்றார்.

காட்டும். ஒரு வருடமாக நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. ஓரமாக நிறுத்தி, ஏசியைத் திரும்பப் போட்டு, திறந்து பார்த்தோம். ஏசி ஒரு கிலோவாட்டுக்கும் கீழே. அங்கேயே மனக்கணக்கு போட்டேன். வேலூர் வரை மீதமுள்ள அரை மணி நேரத்துக்கு ஏசி எடுத்துக்கொள்வது பேட்டரியில் இரண்டு சதவீதம்கூட இல்லை. 20 டிகிரியில் வைத்திருந்ததை 26 ஆக்கி, வெளிக்காற்றை இழுக்காமல் உள்காற்றையே சுழற்றும்படி மாற்றினால் அதிலும் குறையும். மீதியை வேகத்தில் பிடித்துக்கொள்ளலாம். 55-லிருந்து 50-க்கு வந்தால் போதும். காலையில் நூறில் விரட்டி நான் வீணாக்கிய மின்சாரத்தில் இந்தக் குழந்தைக்கு வழி முழுக்க ஏசி போட்டிருக்கலாம்.

"அப்போ ஏசி இல்ல, ஸ்பீடுதான் ஜாஸ்தி சாப்பிடுது" என்றார் ரெஹானா. "ஐம்பதுல போங்க. பின்னாடி ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும்."

அடித்தார்கள். பாப்பாவின் அழுகை மெல்ல அடங்கியது. சுமதி குனிந்து அவள் நெற்றியில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆறிடுச்சு அக்கா" என்றாள். எனக்குக் கண் கலங்கி சாலை மங்கலானது. ரெஹானா டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

12 கிலோமீட்டர் இருக்கும்போது 9 சதவீதம். 7 ஆனதும் திரையில் ஆமை படம் வந்தது. வண்டி இனி வேகமாகப் போகாது என்று அர்த்தம். "ஆமைதானே, போனா போவட்டும். நமக்கு எதுக்கு முயல்?" என்று ரெஹானா சொன்னதும் சுமதி சிரித்தாள். அன்று அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அதன் பிறகு ரெஹானா திரையைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். 6. ஒரு சின்ன மேட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். 5.

1:30-க்கு சார்ஜர் இருந்த உணவக வளாகத்துக்குள் நுழைந்தபோது திரையில் 4 சதவீதம். அங்கே இருந்தது ஒரே ஒரு சார்ஜிங் துப்பாக்கி, அதாவது காரில் சொருகும் முனை. அதில் வேறொரு கார் நின்றுகொண்டிருந்தது. பெங்களூரு போகிற குடும்பம். அதன் சொந்தக்காரர் எங்களைப் பார்த்தார், பின் சீட்டைப் பார்த்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே எழுந்து வந்து பிடுங்கிவிட்டார். "எங்களுக்கு 60 ஆயிடுச்சு மேடம். நாங்க சாப்பிட்டுட்டு அப்புறம் போட்டுக்கறோம். நீங்க போடுங்க." அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. இதைப் படித்தால், ஐயா, உங்களுக்கு எங்கள் வீட்டில் எல்லோருடைய நன்றியும்.

52 கிலோமீட்டருக்கு 26 சதவீதம். 25 நிமிஷம் வெயிலில் நின்றதையும் சேர்த்து. ஒரு சதவீதத்துக்கு இரண்டு கிலோமீட்டர். அதே கார், அதே கிழட்டு பேட்டரி, இரண்டு ஆளும் பாப்பாவும் கூடுதலாக. முழு சார்ஜுக்கு 200 கிலோமீட்டர் ஆகிறது. அந்த 30 கிலோமீட்டர் இத்தனை நாளும் வண்டிக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது.

சாப்பிட்டோம். ஆம்பூர் வரை போய் பிரியாணி சாப்பிடாமல் வந்த கதையைக் கேட்காதீர்கள், வேலூரில் தயிர்சாதம்தான். விடிகாலையிலிருந்து ஓட்டியதில் எனக்கு அலுத்துவிட்டது. ரெஹானாவிடம் கேட்டேன், "ஆற்காடு வரைக்கும் வாங்களேன். நீங்க ஓட்டுங்க, நான் கொஞ்சம் உக்காந்துக்கிறேன். அங்கேர்ந்து பஸ்ஸுக்கு ஏத்தி விடறேன்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எனக்கு கார் ஓட்டத் தெரியாதுக்கா. மூணு சக்கரம்தான். கார் ஸ்டியரிங்கத் தொட்டதுகூட இல்ல."

நானும் சுமதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றரை மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். முன் சீட்டில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் போனதே அன்றுதான் முதல் முறையாம்.

பஸ்ஸுக்கு என்று நான் நீட்டிய நோட்டை என் கைப்பையிலேயே திணித்துவிட்டு, பாப்பாவின் பாதத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு, சாலையைக் கடந்து போய்விட்டார். இரண்டு மணி லோடுக்கு அவர் நேரத்துக்குப் போயிருக்க முடியாது. மாலையில் சுமதி போன் செய்து கேட்டாள். மூன்றே முக்காலுக்குத்தான் லோடு எடுத்தாராம். சூப்பர்வைசர் கத்தினாராம். "கத்துனா கத்தட்டும், பாப்பா தூங்குதா?" என்று கேட்டாராம்.

நாங்கள் 70 சதவீதம் ஏற்றிக்கொண்டு 2:35-க்குக் கிளம்பினோம். ஆற்காடு வழியாக 48 கிலோமீட்டர், அறுபதைத் தாண்டாமல். நாலு மணிக்குக் கலவை வந்து சேர்ந்தபோது 47 சதவீதம் மீதம். அம்மா தெருமுனையிலேயே குடையோடு நின்றிருந்தார். பாப்பா வழி முழுக்கத் தூங்கி, சரியாக வீட்டு வாசலில் விழித்துக்கொண்டாள். மறுநாள் காலை அம்மா வீட்டு பிளக்கில் 100 ஏற்றிக்கொண்டு நான் தனியாகச் சென்னை திரும்பினேன். 125 கிலோமீட்டர், 65-ல் ஓட்டி, 43 சதவீதம் மிச்சத்தோடு அம்பத்தூர். புதன்கிழமை காலை நூறு கிலோமீட்டருக்கே 58 தின்ற வண்டி இது. நேரம் நாற்பது நிமிஷம் கூடுதலாக ஆனது. வாலாஜாபேட்டையில் நின்றது போல நடுவில் சார்ஜுக்கு நிற்க வேண்டியிருக்கவில்லை என்பதால் அதுவும் சரிக்குச் சரி.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் மேலேயே வந்துவிட்டது. இருந்தாலும் அவசரமாகப் படிப்பவர்களுக்காக: எந்த ஊரில் சார்ஜ் செய்யத் திட்டமோ அந்த ஊரில் அன்று மின்தடை இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். செயலியின் பச்சை விளக்கு அந்த நிமிஷத்துக்கு மட்டும்தான் உண்மை. ஒரே சார்ஜரை நம்பிப் போகாதீர்கள். அதற்கு அடுத்த சார்ஜர் வரை போகும் அளவுக்குக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். 15 ஆம்பியர் கேபிள் டிக்கியிலேயே இருக்கட்டும், ஆனால் எர்த் சரியாக இருக்கும் பிளக்கில் மட்டும் போடுங்கள். காலியான கூரை கேரியரைக் கழற்றி வீட்டில் வையுங்கள். வண்டி சூடாவதற்கு முன்னால், காலையில், டயரில் காற்று பாருங்கள். பிளக்கில் இருக்கும்போதே காரைக் குளிரவையுங்கள். குழந்தையோ பெரியவர்களோ இருந்தால் ஏசியை நிறுத்தி மிச்சம் பிடிக்காதீர்கள், வேகத்தைக் குறைத்து மிச்சம் பிடியுங்கள். மெதுவாகப் போகிறவர்கள் இடது லேனில் போங்கள், 4 சதவீதம் வரை போய்ப் பார்க்க ஆசைப்படாதீர்கள். எனக்கு அன்று முன் சீட்டில் ஆள் இருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆம்பூர் போயிருந்தேன். இந்த முறை சார்ஜரைப் பற்றிக் கவலை இல்லை, ஒரு சதவீதத்துக்கு இரண்டு கிலோமீட்டர். ரெஹானாவுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று போனிலேயே கேட்டிருந்தேன். ஒன்றும் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னவர், மூன்றாவது முறை கொஞ்சம் தயங்கி, "கார் கத்துக்குடுக்கறீங்களாக்கா?" என்றார். அதற்குள் பழகுநர் உரிமத்தையும் எடுத்து வைத்திருந்தார்.

ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானம். சீட்டை அவருக்காக முன்னால் தள்ளினேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீட் பெல்ட்டைப் போட்டு, கண்ணாடிகளைச் சரிசெய்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். "பயமா இருக்குக்கா" என்றார். முதல் சுற்றில் திருப்பத்தை அகலமாக எடுத்து வேலியை நெருங்கினார். இரண்டாவதில் பிரேக்கை மிதித்த வேகத்தில் என் நெற்றி கண்ணாடிக்குப் போய்வந்தது. மூன்றாவதில் திருப்பத்துக்கு வெகு முன்னாலேயே காலை எடுத்தார். வண்டி தானாகத் தளர்ந்து, வளைந்து, நேராக வந்து நின்றது. பிரேக்கைத் தொடவே இல்லை.

நான் அப்படித் திருப்பக் கற்றுக்கொள்ள ஒரு வருடமும் ஒரு புதன்கிழமையும் ஆனது. அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாக்கா, தப்பா?" என்றார் ரெஹானா, முன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்ல," என்றேன். "இன்னொரு சுத்து போங்க."